இரண்டாம் பத்தில் ஒரு மணி கூடுதல்

மணி கோர்க்கும் தொழிலில் எத்தனை வருஷமானாலும் காதுக்குப் பழகாத சத்தம் ஒன்று உண்டு: மாலை அறுந்து மணிகள் தரையில் இறங்கும் சத்தம்.

அதை நான் முதலில் கேட்டது கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது. மரப்படிகளில் பெஞ்சுகள் அடுக்கடுக்காக ஏறிப்போகும் பழைய வகுப்பறை அது. எங்கள் பேராசிரியைக்கு நடந்துகொண்டே பாடம் நடத்தும் பழக்கம். மேல்படிக்குப் போய்த் திரும்பியவர், ஏதோ ஒரு வரியை விளக்கக் கையை வீசினார். விரல் முத்துமாலையில் மாட்டிக்கொண்டது. முத்துகள் முதலில் கொட்டின. பிறகு படிப்படியாகத் தத்தின. எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்தபோது, ஒன்றே ஒன்று மட்டும் யோசித்து யோசித்துக் கடைசிப் படி வரை இறங்கி வந்தது. பெண்கள் எல்லோரும் பெஞ்சுக்கு அடியில் நுழைந்துவிட்டோம். அவர் அசையவில்லை. "எல்லாரும் உட்காருங்க. கீழேதானே போகும், மேலேயா போயிடும்?" என்றார்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் பிடிக்கப் பல வருஷம் முயன்றேன். வரவில்லை. கடைசியில், சிதறியதைக் கோர்க்கும் வேலைக்கே வந்து சேர்ந்தேன். நூலகராக இருந்து ஓய்வு பெற்று, கணவரும் போய், வீட்டில் மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்த நாளில், மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் பாஸ்கரின் முத்து, பவழக் கடைக்கு என் மாலை ஒன்றைக் கோர்க்கக் கொண்டுபோனேன். கோர்க்கிற ஆள் நின்றுவிட்டதாகச் சொன்ன பாஸ்கர், நூலையும் ஊசியையும் என் பக்கம் தள்ளி, "நீங்களே கோத்துப் பாருங்க மேடம், சும்மாதானே கீறீங்க" என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தக் கடையின் ஜன்னல் ஓர முக்காலிதான் என் இடம்.

பின்னுகிறவர்கள், ஹெம்மிங் அடிக்கிறவர்கள், பூ கட்டுகிறவர்கள், மொத்தத்தில் கழுத்து வலிக்கும் என் இனத்தார் எல்லோருக்கும் நான் சொல்லப்போவது முன்பே தெரிந்திருக்கும். ஒரே வேலையைத் தினமும் கையால் செய்து பாருங்கள். முகத்தில் மறைத்ததையெல்லாம் கை காட்டிக்கொடுத்துவிடும்.

காலர்

முத்துமாலையில் ஒவ்வொரு முத்துக்கும் அடுத்து ஒரு முடிச்சு விழவேண்டும். நூல் அறுந்தாலும் ஒரு முத்துக்கு மேல் போகாது. முத்தோடு முத்து உரசித் தேயாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு அதிக நாளாகவில்லை. படித்த பெண்மணி, கச்சிதமாகச் செய்கிறார் என்று பாஸ்கர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு முடிச்சையும் ஊசி முனையால் முத்தின் வாய் வரை தள்ளி, இறுக்கி, மறுபடி இறுக்குவேன். முடிந்த மாலையைத் தூக்கிப் பிடித்தால் கொஞ்சமும் தொய்யாமல் நிற்கும். அதை அழகு என்று நினைத்தேன்.

வடக்கு மாட வீதியில் இருக்கும் மாமி ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரமே மாலையைப் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். அவர் இடது பக்கம் திரும்பினார். மாலையும் மொத்தமாக இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் திரும்பினார். அதுவும் திரும்பியது. பாஸ்கர் சிரிப்பை அடக்கத் தராசைத் துடைக்கத் தொடங்கினார்.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். அலமாரியில் புடவைகள் விளிம்பு பிசகாமல் இருந்தன. புத்தகங்கள் உயர வரிசையில் நின்றன. என் கவிதைகளில்கூட ஒரு வரி மூச்சு வாங்க இடமில்லை என்று ஒரு தோழி முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. அப்போது அவளுக்குக் கவிதை தெரியாது என்று முடிவுகட்டியிருந்தேன். முத்துக்கும் முடிச்சுக்கும் நடுவில் ஒரு நூலிழை இடம் விடப் பழகியது மாமியின் கேள்விக்குப் பிறகுதான்: "ஏம்மா, இது மாலையா காலரா? ஆத்துல எல்லாரும் எனக்குக் கழுத்துல என்ன அடின்னு கேட்டுண்டிருக்கா!"

உதடு

நான் பேசாமல் வேலை செய்கிறவள் என்றுதான் என்னைப் பற்றி எண்ணியிருந்தேன். திருவல்லிக்கேணியிலிருந்து வரும் பெரியவர் ஒருவர் அதைக் கலைத்தார். அவரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தொழுகைக்குப் பின் எண்ணி ஓதும் மணிமாலையான தஸ்பீயை உருட்டி உருட்டி நூல் இற்றுப்போனதும் கொண்டுவருவார். ஜன்னலுக்கு வெளியே நின்று நான் கோர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மெதுவாக, "நீங்க சாந்தோம் சர்ச் பக்கமாம்மா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். என் உதட்டைக் காட்டினார். மணிக்கு ஒன்றாக, 'அருள் நிறைந்த மரியே' என்று நான் முணுமுணுத்துக்கொண்டே கோர்த்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து கேட்ட ஜெபம். விரலில் மணி பட்டால் உதடு தானாக அசைந்துவிடுகிறது போலிருக்கிறது. பக்தியோடு சொன்னேன் என்றுகூடச் சொல்லமுடியாது. பூசைக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு போனால் அதிகம். கடவுளோடு எனக்கு மனத்தாங்கல் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இவ்வளவு காலமும் உதடு அவரோடு பேச்சு வைத்திருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

அவருடைய தஸ்பீயில் என் ஜெபத்தை ஏற்றிவிட்டேனே என்று கூச்சமாக இருந்தது. அவிழ்த்து வாயை மூடிக்கொண்டு மறுபடி கோர்க்கட்டுமா என்று கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "அதெல்லாம் வேணாம்மா. நீங்க பாட்டுக்கு சொல்லுங்க. எப்படியும் நான் என்னோடத சொல்லிச் சொல்லித் தேய்க்கத்தானே போறேன்!"

கணக்கு டீச்சர்

பிலோமினா டீச்சர் எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்தவர். பள்ளியில் கணக்கு எடுத்தவர். வழி சரியாக இருந்து விடை தப்பாக இருந்தாலும் பாதி மார்க்கூடப் போடமாட்டார் என்று பேர். மகன் சேவியரும் அவர் வகுப்பில்தான் படித்தான். அவனுக்கும் போட்டதில்லை.

அந்தச் சேவியர் தாய் பார்த்து வைத்த பெண்ணை விட்டுவிட்டு, கூட வேலை பார்த்த ஷாலினியைக் கல்யாணம் செய்துகொண்டான். டீச்சர் கல்யாணத்துக்குப் போனார். வரவேற்பில் எல்லோர் எதிரிலும் மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். என்ன வார்த்தை என்பது பங்கில் ஆளுக்கு ஒரு விதமாக உலவுகிறது. அன்றோடு மகன் பேச்சை நிறுத்திவிட்டான். அவன் வெளிநாட்டில் ஒன்றும் இல்லை. அடையாற்றில்தான் வீடு. சாந்தோமிலிருந்து பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். அவனும் தாண்டவில்லை, இவரும் தாண்டவில்லை.

டீச்சர் தன் நீலக் கண்ணாடி ஜெபமாலையைப் புதிதாகக் கோர்க்கக் கொடுத்தார். ஐம்பத்து மூன்று மணி ஜெபம் என்றே எங்கள் வீடுகளில் அதற்குப் பெயர். பத்துப் பத்துச் சின்ன மணிகளாக ஐந்து வரிசை, நடுநடுவே ஒரு பெரிய மணி, முன்னால் சிலுவையோடு தொங்கும் மூன்று. முத்துமாலை மாதிரி மணிக்கு மணி முடிச்சு கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு கோர்ப்பேன். அன்று காலைத் தபாலில் ஒரு சிறுபத்திரிகை வந்திருந்தது. அதில் என் கவிதை. பல வருஷங்களாக எதையும் அனுப்பாதவள் துணிந்து அனுப்பிய எட்டு வரி. பத்திரிகையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். முதல் பத்தை முடித்ததும் எடுத்து ஒருமுறை படித்தேன். இரண்டாம் பத்தின் நடுவில் மறுபடி எடுத்துப் படித்தேன். பாஸ்கரிடமிருந்த உபரி மணிகளில் ஒன்று எப்போது என் தட்டில் சேர்ந்தது, எப்போது நூலில் ஏறியது, தெரியாது.

சில வாரம் கழித்து டீச்சர் வந்தார். "ரெஜினா, ரெண்டாம் பத்துல ஒண்ணு கூட இருக்கு" என்றார். எனக்கு முகம் சுட்டது. பாஸ்கர் விடுவாரா? "இன்னா மேடம், கணக்கு டீச்சருக்கே கணக்கை தப்பா குடுத்துட்டீங்களே!" என்றார். உடனே சரிசெய்து தருகிறேன் என்று கை நீட்டினேன். நூலை அறுக்காமல் ஒரு மணியை எடுக்க வழி ஒன்றுதான். குறட்டால் அந்த மணியை நசுக்கி உடைக்க வேண்டும். குறட்டை எடுத்தும்விட்டேன். டீச்சர் ஜெபமாலையைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"உடைக்காதே. அதுதான் சேவியர். அவன் பேரைச் சொல்லி வேண்டிக்க இத்தனை நாளா எனக்கு வாய் வரல. ஒரு மணி கூடுதலா கையில வந்து நின்னதும், யாருக்குன்னு யோசிக்கறதுக்குள்ள அவன் பேரு வந்துடுச்சு. பத்து மாதாவுக்கு, அந்த ஒண்ணு அவனுக்குன்னு வச்சுக்கறேன், விடு" என்றார்.

அவர் போன பிறகு ஒரு விஷயம் உறைத்தது. என் தங்கை இறந்த வாரத்தில் நான் கோர்த்த முத்துமாலையைப் பாஸ்கர் இன்னும் மாதிரிக்கு எடுத்துக் காட்டுகிறார். அதில் ஒரு முடிச்சு பிசகியிருக்காது. துக்கத்தில் என் கை தவறியதே இல்லை. சந்தோஷம் வந்த நாளில்தான் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. இதைப் பாஸ்கரிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "அப்போ வருஷத்துக்கு ஒரு கவிதைக்கு மேல எழுதாதீங்க மேடம், எனக்குக் கட்டுப்படி ஆவாது."

அறுந்த நுனி

நூல் எப்படி அறுந்தது என்பதை நுனியே சொல்லும். தேய்ந்து அறுந்தால் துடைப்பம் மாதிரிப் பிரிந்திருக்கும். யாராவது பிடித்து இழுத்திருந்தால் இழைகள் நீண்டு, கூர்மையாக முடியும்.

தேனாம்பேட்டையில் ஏதோ ஆபீஸில் வேலை, கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் மதிய வேளையில் ஓடிவந்தார் ஒருவர். கையில் ஒரு பவழமாலை. மனைவியுடையதாம். "இன்னிக்கு சாயங்காலமே வேணும் மேடம். அவ பாக்கறதுக்குள்ள" என்றார். நுனியைப் பார்த்தேன். இழுத்து அறுத்தது. நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பவழங்களைக் கோர்க்கும் நேரத்துக்குள் அவர்கள் வீட்டுச் சண்டை முழுவதையும் மனசுக்குள் நடத்தி முடித்தேன். அந்தப் பெண் சுவரோரம் நிற்பதையும், மணிகள் சமையலறை வரை ஓடுவதையும், அதன் பிறகு வரும் நிசப்தத்தையும் நானே எழுதிக்கொண்டேன். மாலையைக் கொடுக்கும்போது அவரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் மிச்சச் சில்லறைகூட வாங்காமல் போய்விட்டார். என் சந்தேகம் உறுதியாயிற்று.

பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணே வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. அது வந்த வேகத்தில் என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியது, பிறகு பாஸ்கரின் பேனாவை. நூலின் நிறம் மாறியிருப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்தாளாம்.

துக்கம் இருக்குமிடம் எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இல்லாத இடத்திலும் அதைக் கொண்டுபோய் வைக்கிறேன் என்பது அன்று தெரிந்தது. அவள் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள்: "இந்த ரவுடி அழுதான்னு விளையாட என் மாலையைக் கையில குடுத்திருக்காரு மேடம், பால்புட்டி பக்கத்துலயே இருக்கு! கடைக்கு நீங்களே போய்ப் பழைய கலர் நூல் போடச் சொல்லுங்கன்னா வரமாட்டேங்கறாரு. அந்தம்மா என்னைக் கொலைகாரன் மாதிரி பாக்கறாங்கன்றாரு."

கோணல்

தி. நகரில் சொந்தமாக நகைக்கடை வைத்திருக்கும் இளம்பெண் ஒருத்தி, என் வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தாள். வண்ணக் கண்ணாடி மணிகள் ஒரு பை நிறைய. நான் கோர்த்துக் கொடுத்த முதல் மாலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது. "ரொம்ப நல்லா இருக்கு ஆன்ட்டி. அதான் பிரச்சினை. மெஷின்ல செஞ்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் கோணலா கோருங்களேன், கையால பண்ணதுன்னு தெரியணும்."

கையால் பண்ணினது தெரியாமல் இருக்கத்தான் நான் இத்தனை நாள் பாடுபட்டிருக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சரி என்று உட்கார்ந்தேன். நேராகக் கோர்ப்பதைவிட இரண்டு மடங்கு நேரமாயிற்று. ஒரு பெரிய மணியைத் தப்பான இடத்தில் வைத்தால், அடுத்த தப்பு எங்கே விழவேண்டும் என்று கை கணக்குப் போட்டது. முடித்ததும் எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

அதற்கு முந்தைய ஞாயிறு, அதிசயமாகப் பூசைக்குப் போயிருந்தேன். டீச்சர் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் சீராக நகர்ந்துகொண்டே வந்து, இரண்டாம் பத்தின் கடைசியில் நின்றது. அங்கே மட்டும் வெகுநேரம் நின்றது. என் தெரியாத தப்பு அங்கே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. தெரிந்து செய்த தப்போ இங்கே தட்டில் ஜீவனில்லாமல் கிடந்தது. தி. நகர்ப் பெண் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "ஆன்ட்டி, இது கோணல் இல்ல. கோணல் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு பிரேயர்ல நிக்குது."

சட்டைப்பை

ஒரு காலை, கையில் ஹெல்மெட்டும் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவுமாக ஒருவன் வந்து நின்றான். நாற்பது வயது இருக்கும். தாயை உரித்து வைத்த நெற்றியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பிலோமினா டீச்சரின் மகன்.

டீச்சர் வீட்டுக்குள் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவனுக்குப் போன் செய்திருக்கிறார்கள். பாலத்தைத் தாண்டி வந்திருக்கிறான். ஆபரேஷன் முடிந்து கண் விழித்த தாயின் எதிரில், அத்தனை வருஷத்துக்குப் பிறகு, போய் நின்றிருக்கிறான்.

"என்னைப் பாத்தாங்க ஆன்ட்டி. நல்லா இருக்கியான்னு கேப்பாங்கன்னு நின்னேன். 'என் ஜெபமாலை எங்கே?'ன்னாங்க" என்றான். கோபமாகச் சொல்ல முயன்றான்.

விழுந்தபோது கையில் இருந்தது அறுந்திருக்கிறது. அவன் வீட்டுக்குப் போய், கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குக் கீழே, கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் என்று தரையில் தவழ்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறான். டப்பாவைத் திறந்து என் தட்டில் கொட்டினான். "பெரிய மணி எல்லாம் சரியா இருக்கு. சின்னது அம்பத்தி மூணு வேணுமில்ல? எண்ணிட்டேன், இருக்கு" என்றான். பிறகு சட்டைப்பையில் விரலை விட்டு ஒரு நீல மணியை எடுத்தான். "இது ஒண்ணு கூடுதலா கிடைச்சுது. அதே மாதிரிதான் இருக்கு. வேற ஏதோ மாலையோடது போல. உங்களுக்கு உபயோகப்பட்டா வச்சுக்கங்க."

அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டேன். சட்டைப்பையின் சூடு அதில் இருந்தது. என் வேலை கோர்ப்பது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வதில் எனக்கு எப்போதும் தயக்கம். மனசுக்குள் முடிச்சை இறுக்கி, மறுபடி இறுக்கி வைப்பதுதான் என் வழக்கம். ஆனால் இவன் இதை இங்கே விட்டுவிட்டுப் போனால், ஆஸ்பத்திரியில் ஒரு கட்டைவிரல் இரண்டாம் பத்தின் கடைசியில் போய்த் தேடும், அங்கே எதுவும் இருக்காது. இவனோ, தாய் தன்னைக் கேட்காமல் கண்ணாடி மணியைக் கேட்டாள் என்றே நினைத்துக்கொண்டிருப்பான்.

"இது இந்த மாலையோடதுதான் தம்பி. நான் தப்பா கோத்தது. உங்கம்மா உடைக்க விடல. இது நீங்கதான்" என்று ஆரம்பித்து, டீச்சர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

பாஸ்கர் ரேடியோவை நிறுத்தினார். சேவியர் ஹெல்மெட்டின் வாரைப் போட்டான், கழற்றினான். நான் எதிர்பார்த்தபடி அவன் கண் கலங்கவில்லை. "பாலத்துக்கு அந்தப் பக்கந்தானே இருந்தேன்? இதை உருட்டினதுக்குப் பதிலா ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஊசியில் நூலை ஏற்றினேன். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தான். "கோருங்க. இருந்து வாங்கிட்டுப் போறேன்."

முதல் பத்து முடிந்தது. இரண்டாம் பத்தில் பத்தாவது மணி ஏறியதும் என் விரல்கள் தாமாகவே பெரிய மணியை எடுத்து அடுத்துப் போட்டுவிட்டன. கழற்றினேன். மறுபடி கோர்த்தேன். மறுபடி அதே இடத்தில் கை பெரிய மணிக்குத்தான் போயிற்று. சரியாகச் செய்தே பழகிய கைக்குத் தப்பு செய்யப் புத்திமதி சொல்லவேண்டியிருந்தது. மூன்றாம் தடவை சேவியரே தட்டிலிருந்து அந்த மணியை எடுத்து நீட்டினான். ஊசியில் வாங்கி ஏற்றினேன். அதற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு முடிச்சு, அதையும் கொஞ்சம் தளர்த்தியே போட்டேன். மணி நகர இடம் இருக்கட்டும் என்று தோன்றியது.

முடித்துக் கொடுத்ததும் அவன் இரண்டாம் பத்தைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினான். கடைசி மணியில், தாயைப் போலவே, நின்றான். பாஸ்கரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "எனக்கு அரை மார்க் விட்டுக் குடுத்ததில்ல ஆன்ட்டி அவங்க. பிளஸ் டூல கூட. இந்தத் தப்பை எப்படி விட்டாங்க?"

இத்தனை வருஷம் மணி கோர்த்து என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: துக்கத்தில் நான் செய்த வேலை எல்லாம் நேர்த்தி, ஒருவருக்காவது உதவியது என்னவோ சந்தோஷத்தில் செய்த பிழை. பிலோமினா டீச்சர் இப்போது அடையாற்றில் மகன் வீட்டில் இருக்கிறார், வாக்கர் பிடித்து நடக்கிறார், மருமகள் ஷாலினியோடு இன்னும் பேசுவதில்லை. இரண்டாம் பத்தின் அந்தக் கடைசி மணியை இப்போது ஷாலினிக்குச் சொல்கிறாராம்.